இரண்டாவது கட்டத்தில் ஒரு பிழை: திண்மம், திரவம், வாயுவில் துகள்கள் உண்மையில் என்ன செய்கின்றன?

பள்ளி அறிவியல் புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது. மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் உருண்டைகள் வரிசையாக ஒட்டி நிற்கும், அது திண்மம். இரண்டாவதில் உருண்டைகளுக்கு நடுவே தாராளமான இடைவெளி, அது திரவம். மூன்றாவதில் மூலைக்கொன்றாக நாலைந்து உருண்டைகள் மிதக்கும், அது வாயு. தேர்வில் இதை வரைந்து மதிப்பெண் வாங்கியதோடு பலருக்கு இந்தப் பாடம் முடிந்துவிடுகிறது.

சிக்கல் என்னவென்றால், இரண்டாவது கட்டம் பல புத்தகங்களில் தப்பு. முதல் கட்டம் பாதிதான் சரி. மூன்றாவது சரிதான், ஆனால் முக்கியமான விஷயத்தை அது சொல்வதில்லை. "திண்மத்தில் துகள்கள் அசையாது", "சூடாக்கினால் துகள்கள் பெரிதாகும்", "கொதிக்கும் நீரில் வருவது காற்றுக் குமிழி" என்றெல்லாம் படித்தவர்களே சொல்வதற்குப் பாதிக் காரணம் இந்தப் படம்தான்.

துகள் என்று எதைச் சொல்கிறோம்?

இங்கே துகள் என்பது ஒரு பொருளின் அடிப்படைக் கட்டுமான அலகு. இரும்பில் அது அணு. தண்ணீரில் அது மூலக்கூறு, அதாவது சில அணுக்கள் சேர்ந்த ஒரு குழு: இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். உப்பில் அது அயனி, அதாவது மின்சுமை ஏறிய அணு. எதுவானாலும் கண்ணுக்கோ சாதாரண நுண்ணோக்கிக்கோ தெரியாத சிறுமை. குழாயிலிருந்து சொட்டும் ஒரே ஒரு துளித் தண்ணீரில் ஒரு கோடி கோடி கோடிக்கும் மேற்பட்ட மூலக்கூறுகள் இருக்கின்றன. கை தவறி மூன்று முறை எழுதவில்லை, எண்ணிக்கை அவ்வளவுதான்.

இதைத் தெளிவாக வைத்துக்கொண்டால் ஒரு பழைய குழப்பம் தீரும். மணலும் மாவும் கொட்டினால் ஓடுகின்றன, பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்கின்றன. அப்படியானால் அவை திரவமா? இல்லை. ஒரு மணல் பரல் என்பது ஏராளமான அணுக்கள் இறுகிக் கிடக்கும் ஒரு குட்டிக் கல். உருள்வது கற்கள்தான், அவற்றுக்குள் இருக்கும் அணுக்கள் இடம் மாறவில்லை.

இன்னொன்று. தண்ணீர் மூலக்கூறு பனிக்கட்டியிலும் அதேதான், டம்ளர் தண்ணீரிலும் அதேதான், நீராவியிலும் அதேதான். ஒற்றை மூலக்கூறு கெட்டியாகவும் இருக்காது, ஈரமாகவும் இருக்காது. கெட்டி, ஈரம் எல்லாம் கோடானுகோடி மூலக்கூறுகள் கூட்டமாக நடந்துகொள்ளும் விதம்.

நகரப் பேருந்து

காலை எட்டரை மணி நகரப் பேருந்தை எடுத்துக்கொள்வோம். இருக்கையில் உட்கார்ந்திருப்பவர்கள் குலுங்குகிறார்கள், முன்னும் பின்னும் ஆடுகிறார்கள், ஆனால் இடத்தை விடுவதில்லை. அது திண்மம். நடுவில் நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். நெருக்கம் இருக்கைகளில் இருப்பதைப் போலத்தான். ஆனாலும் "கொஞ்சம் வழி விடுங்க" என்று ஒருவர் புகுந்து புறப்பட்டு முன்வாசலுக்குப் போய்விடுகிறார். அது திரவம். கடைசி நிறுத்தத்தில் இறங்கியதும் ஆளுக்கொரு திசையில் கலைந்து போகிறார்கள். அது வாயு.

இந்த ஒப்பீட்டில் கவனிக்க வேண்டியது நடுக்கூட்டம். நெருக்கமாகவும் இருக்கலாம், இடமும் மாறலாம். புத்தகப் படத்தின் இரண்டாவது கட்டம் கோட்டை விடுவது இதைத்தான்.

ஒப்பீடு இதற்கு மேல் உதவாது. பயணிகள் ஒருவரையொருவர் இழுப்பதில்லை, துகள்கள் இழுக்கின்றன. பயணி போக நினைத்த இடத்துக்குப் போகிறார். துகளுக்கு அப்படி ஒரு நினைப்பு கிடையாது. பயணி களைத்து நின்றுவிடுவார். துகள் நிற்பதே இல்லை. எனவே பேருந்தை இங்கேயே விட்டுவிட்டு உண்மையான விஷயத்துக்குப் போவோம்.

இழுப்பும் ஓட்டமும்

ஒவ்வொரு துகளும் பக்கத்துத் துகளைத் தன் பக்கம் இழுக்கிறது. இந்த இழுப்பு மிகக் கிட்டத்தில்தான் வேலை செய்யும். கொஞ்சம் விலகினாலே பலமிழந்துவிடும். ரொம்பவும் நெருங்கினால் தள்ளவும் செய்யும். அதே சமயம் ஒவ்வொரு துகளும் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கிறது. இழுப்பு சேர்த்து வைக்கப் பார்க்கிறது, ஓட்டம் கலைத்துவிடப் பார்க்கிறது. திண்மமா, திரவமா, வாயுவா என்பது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடக்கும் இழுபறியின் முடிவு.

ஓட்டத்தை அளக்கும் அளவுகோல்தான் வெப்பநிலை. ஒரு பொருளின் வெப்பநிலை என்பது அதன் துகள்களின் சராசரி இயக்க ஆற்றலைக் காட்டுகிறது. இயக்க ஆற்றல் என்றால் அசைவதால் வரும் ஆற்றல். சமையலறையில் இருக்கும் இரும்புத் தோசைக்கல், குடத்துத் தண்ணீர், சுற்றியுள்ள காற்று மூன்றும் ஒரே வெப்பநிலையில் இருக்கின்றன என்று வையுங்கள். மூன்றின் துகள்களும் சராசரியாக ஏறக்குறைய ஒரே இயக்க ஆற்றலோடுதான் அசைகின்றன. பிறகு ஏன் ஒன்று திண்மம், ஒன்று திரவம், ஒன்று வாயு?

இழுப்பு வேறு வேறு என்பதால். இரும்பு அணுக்களின் பிடி அவ்வளவு வலு: அதை உருக்க 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். காற்றில் பெரும்பங்கான நைட்ரஜன் மூலக்கூறுகளுக்கு இடையிலான இழுப்போ மிகச் சொற்பம்: அதைத் திரவமாக்க மைனஸ் 196 டிகிரி வரை குளிரவைக்க வேண்டும். தண்ணீர் இடையில் இருக்கிறது.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: துகள்கள் இழுக்கின்றன, துகள்கள் அசைகின்றன, வெப்பநிலை கூடினால் அசைவு கூடும், எது ஓங்குகிறது என்பதைப் பொறுத்து நிலை அமையும்.

திண்மம்: நிற்கிறது, ஆனால் சும்மா இல்லை

தோசைக்கல்லின் ஒரு இரும்பு அணு தன் இடத்தை விட்டுப் போவதில்லை. ஆனால் அந்த இடத்திலேயே ஒரு வினாடிக்கு லட்சக்கணக்கான கோடி முறை அதிர்கிறது. "அசையாது" என்பது அதனால்தான் தவறு. "இடம் மாறாது" என்றால் சரி.

சூடாக்கினால் அதிர்வின் வீச்சு கூடுகிறது. பக்கத்து அணுக்கள் சராசரியாகக் கொஞ்சம் கூடுதலாக விலகி நிற்கின்றன. அதனால்தான் பொருள் விரிவடைகிறது. அணு பெருப்பதில்லை, இரண்டு அணுக்களுக்கு நடுவிலான தூரம்தான் கூடுகிறது. ஒரு கிலோமீட்டர் நீள எஃகுத் தண்டவாளத்தைத் தடையில்லாமல் விட்டு வெப்பநிலையை 30 டிகிரி ஏற்றினால் அது சுமார் 36 சென்டிமீட்டர் நீளும். இதற்காகவே முன்பெல்லாம் ஒரு தண்டவாளத் துண்டின் முனைக்கும் அடுத்த துண்டின் முனைக்கும் நடுவே இடைவெளி விட்டார்கள். ரயிலின் அந்தப் பழைய தடக் தடக் ஓசை அந்த இடைவெளிகளில்தான் பிறந்தது.

சரி, குளிர்வித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அசைவு முழுதாக நின்றுவிடாதா? மைனஸ் 273.15 டிகிரிக்குக் கீழே போக வழியில்லை. அது தனிச்சுழி வெப்பநிலை. அங்கும் துகளிடம் ஒரு துளி அசைவு மிஞ்சியிருக்கும், அதை யாராலும் பிடுங்க முடியாது. ஹீலியம் அணுக்களுக்கு இடையே இழுப்பு அவ்வளவு பலவீனம் என்பதால், அந்த மிச்ச அசைவே அதை உறையவிடாமல் தடுத்துவிடுகிறது. சாதாரண அழுத்தத்தில் எவ்வளவு குளிர்வித்தாலும் ஹீலியம் திரவமாகவே இருக்கும். அதைத் திண்மமாக்க வளிமண்டல அழுத்தத்தைப் போல 25 மடங்கு கொடுத்து நெரிக்க வேண்டும்.

திரவம்: அந்த இரண்டாவது கட்டம்

மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத ஒரு சிரிஞ்ச் போதும். காற்றை இழுத்து நிரப்பி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்துங்கள். உலக்கைத்தண்டு பாதி தூரம் சுலபமாக உள்ளே போகும். அடுத்து தண்ணீரை நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டு அதேபோல அழுத்துங்கள். அசையவே அசையாது. புத்தகப் படத்தில் இருப்பதுபோலத் திரவத்துக்குள் அவ்வளவு காலியிடம் இருந்தால் அது உள்ளே போயிருக்க வேண்டுமே!

உலோகங்கள் உருகும்போது பெரும்பாலும் அவற்றின் கன அளவு சில சதவீதமே கூடுகிறது. அலுமினியத்தில் அது சுமார் 6 சதவீதம். அதாவது அணுக்களுக்கு இடையிலான தூரம் இரண்டு சதவீத அளவுக்குத்தான் கூடுகிறது. படத்தில் வரைந்தால் கண்ணுக்கே தெரியாது. மாறுவது நெருக்கம் இல்லை, ஒழுங்கு. வரிசை குலைந்துவிடுகிறது, துகள்கள் ஒன்றையொன்று தொட்டபடியே நழுவி இடம் மாறுகின்றன. திரவம் ஓடுவதும் பாத்திரத்தின் வடிவத்தை எடுப்பதும் இதனால்தான். அப்படியிருந்தும் அதன் கன அளவு மாறாததற்குக் காரணம், இழுப்பு இன்னும் அவற்றைக் கூட்டமாகவே பிடித்து வைத்திருப்பது.

தண்ணீர் இதில் தலைகீழ். பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளைக் குறிப்பிட்ட கோணங்களில் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கட்டமைப்புக்கு நடுவே அறுகோணக் குழிகள் காலியாகக் கிடக்கின்றன. உருகும்போது கட்டு குலைகிறது, மூலக்கூறுகள் அந்தக் குழிகளுக்குள் சரிகின்றன, கன அளவு எட்டு சதவீதத்துக்கு மேல் குறைகிறது. ஆகவே தண்ணீரில் திரவத் துகள்கள்தான் திண்மத் துகள்களை விட நெருக்கம். பனிக்கட்டி மிதப்பதும் அதனால்தான். உலகத்தில் நாம் அதிகம் பார்க்கும் பொருளே இப்படி விதிக்கு மாறாக நடந்துகொள்வது மாணவர்களின் துரதிர்ஷ்டம்.

திரவத்தில் துகள்கள் ஓடுகின்றன என்பதற்குக் கண்ணால் பார்த்த சான்று 1827-லேயே கிடைத்துவிட்டது. ராபர்ட் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர், மகரந்தத்திலிருந்து வந்த நுண்ணிய பொடிகள் தண்ணீரில் இங்கும் அங்கும் துடிப்பதை நுண்ணோக்கியில் பார்த்தார். உயிர் இருப்பதால் துடிக்கிறதோ என்று சந்தேகம். கல்லைப் பொடித்துப் போட்டுப் பார்த்தார், எகிப்தின் ஸ்பிங்க்ஸ் சிலையின் ஒரு சில்லைக் கூட விடவில்லை. எல்லாம் துடித்தன. 1905-இல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டுக் காட்டினார்: கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமிருந்தும் மோதுவதில் ஏற்படும் ஏற்றத்தாழ்வே அந்தத் துடிப்பு. பிரான்ஸில் ழான் பெரன் அதைச் சோதனையில் அளந்து உறுதிசெய்தார். 1926-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அணு என்று ஒன்று உண்மையிலேயே உண்டா என்ற வாதம் ஓய்ந்தது இந்த வேலைக்குப் பிறகுதான்.

வாயு: வெட்டவெளியும் மோதலும்

ஒரு கிராம் தண்ணீர் 1 மில்லிலிட்டர் இடத்தை அடைக்கிறது. அதுவே சாதாரண அழுத்தத்தில் 100 டிகிரி நீராவியானால் சுமார் 1,670 மில்லிலிட்டர். மூலக்கூறு ஒன்றுகூடக் கூடவில்லை, ஒன்றுகூடப் பெருக்கவில்லை. அவற்றுக்கு இடையிலான தூரம் சராசரியாகப் பன்னிரண்டு மடங்கு ஆகிவிட்டது, அவ்வளவே. திண்மத்திலிருந்து திரவத்துக்குப் போவது சின்னத் தாண்டல். திரவத்திலிருந்து வாயுவுக்குப் போவதுதான் பெரும்பாய்ச்சல். மூன்று கட்டங்களைச் சரிசமமாக வரைந்துவிட்டால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும்.

அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது? "காற்று" என்று சட்டென்று பதில் வரும். காற்றே மூலக்கூறுகளால் ஆனதுதானே? அந்த மூலக்கூறுகளுக்கு நடுவே இருப்பது வெறும் வெளி. வேறொன்றும் இல்லை.

அறை வெப்பநிலையில் நைட்ரஜன் மூலக்கூறு ஒன்றின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர். காற்றில் ஒலி போகும் வேகத்தை விட அதிகம். அப்படியானால் அறையின் ஒரு மூலையில் ஊதுபத்தி ஏற்றியதும் மணம் அந்த நொடியே மறுமூலைக்கு வந்திருக்க வேண்டாமா? வருவதில்லை. காரணம் மோதல். காற்றில் ஒரு மூலக்கூறு, ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தூரம்கூடப் போவதற்குள் இன்னொன்றில் மோதித் திசை மாறிவிடுகிறது. வினாடிக்கு எழுநூறு கோடி முறை மாதிரி இது நடக்கிறது. இப்படி மோதி மோதித் தானாகக் கலப்பதை விரவுதல் என்கிறோம். உண்மையில் அது மிக மெதுவான வேலை. நம் வீட்டில் மணம் சீக்கிரம் பரவுவதற்குப் பெருமை மின்விசிறிக்குத்தான் போக வேண்டும்.

மூலக்கூறுகள் பாத்திரத்தின் சுவரிலும் மோதுகின்றன. அந்தக் கோடிக்கணக்கான மோதல்களின் மொத்த விளைவே அழுத்தம். சைக்கிள் டயர் விறைப்பாக நிற்பது இந்த மோதலால்தான்.

சுருக்கமாக: திண்மத்தில் நெருக்கம், இடம் மாறாத அதிர்வு. திரவத்தில் அதே அளவு நெருக்கம், ஆனால் நழுவல். வாயுவில் வெட்டவெளி, நேர்கோட்டு ஓட்டம், மோதல்.

அடுப்பு எரிகிறது, வெப்பநிலை ஏறவில்லை

இனி நிலை மாறும் நேரத்துக்கு வருவோம். கொதிக்கத் தொடங்கிய தண்ணீரில் வெப்பமானியை வைத்தால் முள் நூறில் போய் நின்றுவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் நூறுதான். அப்புறம் கொடுக்கும் வெப்பமெல்லாம் எங்கே போகிறது?

மூலக்கூறுகளின் வேகத்தைக் கூட்டுவதில் போகவில்லை. போயிருந்தால் வெப்பநிலை ஏறியிருக்கும். ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியிலிருந்து அவற்றை விடுவிப்பதில் போகிறது. இப்படி நிலை மாற்றத்துக்கு மட்டும் செலவாகும் வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். 1760-களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் இதைத் தெளிவுபடுத்தினார். அளவைப் பாருங்கள்: ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 334 ஜூல். உருகிய அந்த ஒரு கிராம் தண்ணீரை 0-விலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 420 ஜூல். அதை ஆவியாக்கவோ சுமார் 2,260 ஜூல். உருக்குவது பிடியைத் தளர்த்தும் வேலை, ஆவியாக்குவது பிடியை அறுக்கும் வேலை என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது.

இட்லிப்பானை ஆவி கையில் பட்டால் கொதிநீரை விட மோசமாகச் சுடுவதும் இதனால்தான். ஆவி தோலில் பட்டுத் தண்ணீராகும்போது அந்த 2,260 ஜூலையும் அங்கேயே இறக்கிவிடுகிறது. அதே எடையுள்ள கொதிநீர் உடல் வெப்பத்துக்கு ஆறும்போது கொடுப்பதைப் போல ஒன்பது மடங்குக்கு மேல் வெப்பம் வந்து சேருகிறது.

இங்கே இரண்டு தவறுகளைத் திருத்திவிடலாம். கொதிக்கும் தண்ணீரில் அடியிலிருந்து எழும் பெரிய குமிழிகளில் இருப்பது காற்று இல்லை, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிந்து வந்தவையும் இல்லை, நீராவி. (சூடேறத் தொடங்கும்போது ஓரங்களில் ஒட்டி நிற்கும் பொடிக் குமிழிகள் மட்டும் தண்ணீரில் கரைந்திருந்த காற்று.) அடுத்தது, கெட்டிலின் மூக்கிலிருந்து கிளம்பும் வெள்ளைப் புகை. அதை ஆவி என்றுதான் எல்லோரும் சொல்கிறோம், ஆனால் நீராவி கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கும் வெள்ளைக்கும் நடுவே ஒரு விரல்கடை தூரம் ஒன்றுமே இல்லாதது போலத் தெரிகிறதே, அங்கேதான் உண்மையான வாயு இருக்கிறது. வெள்ளையாகத் தெரிவது அது குளிர்ந்து உண்டான நீர்த்திவலைகள், அதாவது திரவம்.

கொதிக்காமலும் தண்ணீர் ஆவியாகிறது. எல்லா மூலக்கூறும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சில மந்தம், சில அதிவேகம். மேற்பரப்பில் இருக்கும் அதிவேகக்காரர்கள் எந்த வெப்பநிலையிலும் பிடியை அறுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இது ஆவியாதல். வேகமானவை போய்விட்டால் மிச்சமிருப்பவற்றின் சராசரி வேகம் குறையும்; சராசரி குறைந்தால் வெப்பநிலை குறையும். மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஓயாமல் இப்படி ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. பானையை மூடிய அலமாரியில் வைத்துவிட்டு "குளிரவே இல்லையே" என்று சொல்லிப் பயனில்லை. கிளம்பிய மூலக்கூறுகளை அள்ளிக்கொண்டு போகக் காற்றோட்டம் வேண்டும்.

அழுத்தம் நடுவில் புகுந்தால்

வெப்பநிலை மட்டுமே நிலையைத் தீர்மானிக்கிறது என்பது இன்னொரு அரைகுறை. தண்ணீருக்குள் ஒரு நீராவிக் குமிழி உருவாகி நிலைக்க வேண்டுமானால், உள்ளிருக்கும் மூலக்கூறுகளின் மோதல் வெளியிலிருந்து அழுத்தும் காற்றுக்கு ஈடுகொடுக்க வேண்டும். கடல் மட்டத்தில் அது 100 டிகிரியில் நடக்கிறது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு, அதனால் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு அங்கே வேக மறுப்பது இதனால்தான். பிரஷர் குக்கர் இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. அழுத்தம் இரண்டு மடங்கானால் கொதிநிலை 120 டிகிரி வரை ஏறும்.

சமையல் எரிவாயு உருளையில் இருப்பதும் பெயரளவில்தான் வாயு. புரொப்பேனும் பியூட்டேனும் சாதாரண அழுத்தத்தில் அறை வெப்பநிலையில் வாயுக்கள். அழுத்தி நெருக்கினால், இழுப்பு எட்டும் தூரத்துக்குள் மூலக்கூறுகள் வந்து திரவமாகிவிடும். அப்படித்தான் 14.2 கிலோவை அந்தச் சிவப்பு உருளைக்குள் அடைக்கிறார்கள். வால்வைத் திறந்ததும் உள்ளே அழுத்தம் குறைந்து திரவம் கொதிக்கத் தொடங்குகிறது. அதற்கான உள்ளுறை வெப்பத்தை உருளையிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஹோட்டல்களில் பெரிய அடுப்பு தொடர்ந்து எரியும்போது உருளையின் அடிப்பாகம் சில்லிட்டு வியர்ப்பதைப் பார்க்கலாம்.

கட்டங்களுக்கு அடங்காதவை

கற்பூரத்தைத் திறந்து வைத்தால் உருகாமலே கரைந்து போகிறது. திண்மத்திலிருந்து நேரே வாயுவாகும் இந்தப் பாய்ச்சல் பதங்கமாதல். கண்ணாடியில் அணுக்கள் திரவத்தில் இருப்பதைப் போல ஒழுங்கில்லாமல் கிடக்கின்றன, ஆனால் திண்மத்தில் போல இடத்தை விட்டு நகர்வதில்லை. ஐரோப்பியத் தேவாலயங்களின் பழைய சன்னல் கண்ணாடி அடிப்பக்கம் தடித்திருப்பதை வைத்து "கண்ணாடி மெதுவாக வழிகிறது" என்று ஒரு கதை உலவுகிறது. அந்தக் காலத்தில் கண்ணாடியைச் சீரான தடிமனில் செய்யத் தெரியாது, அவ்வளவுதான்.

வாயுவை மேலும் மேலும் சூடாக்கினாலோ வலுவான மின்புலத்துக்கு உட்படுத்தினாலோ அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் கழன்று, அயனிகளும் எலெக்ட்ரான்களும் கலந்த கூட்டம் உண்டாகும். அது பிளாஸ்மா. மின்னல், எரியும் டியூப்லைட்டின் உட்புறம், சூரியன் எல்லாம் அதுவே.

எனக்கு இதில் மிகப் பிடித்தது கார்பன் டை ஆக்சைடு. அலுவலகங்களில் கறுப்புக் கூம்போடு நிற்கும் தீயணைப்பான் உருளைக்குள் அது அழுத்தத்தில் திரவமாக இருக்கிறது, மேலே கொஞ்சம் வாயு, நடுவே ஒரு மட்டம். வெப்பநிலை ஏற ஏறத் திரவத்தின் அடர்த்தி குறைகிறது, மேலிருக்கும் வாயுவின் அடர்த்தி கூடுகிறது. 31 டிகிரியில், வளிமண்டலத்தைப் போல 73 மடங்கு அழுத்தத்தில், இரண்டு அடர்த்தியும் ஒன்றாகி மட்டமே காணாமல் போய்விடுகிறது. கொதிக்கவில்லை, உறையவில்லை, திரவமா வாயுவா என்ற கேள்விக்கே அங்கே பொருள் இல்லை. சென்னையின் மே மாத மதியத்தில், குளிர்சாதனம் இல்லாத எந்த வராந்தாவிலும் அந்த உருளைக்குள் திரவம், வாயு என்ற பிரிவே இருக்காது. காப்பிக்கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரித்தெடுக்கச் சில ஆலைகளில் இதே நிலையில்தான் கார்பன் டை ஆக்சைடைப் பாய்ச்சுகிறார்கள்: வாயுவைப் போலக் கொட்டைக்குள் ஊடுருவும், திரவத்தைப் போலக் காஃபீனைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும்.